நிற்காத மோட்டார்

மூன்றாவது முறையாக வரவழைத்த எலக்ட்ரீஷியன் சபீரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் சுகப்பிரியா.

“டேங்க் நெறஞ்சா மோட்டார் தானா நிக்கும்னுதானே தம்பி இந்த மெஷினை மாட்டினீங்க? தெனமும் காலையில அரை மணி நேரம் வழியுது. நம்ம பரளச்சி ஊருல தண்ணி கெடக்குற கெடப்புக்கு இது அடுக்குமா?”

சபீர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கினான். “மெஷினு நல்லாருக்குக்கா. சென்சார் ஒயரை யாரோ கழட்டியிருக்காக. திரும்ப மாட்டிட்டேன்.”

“அணிலா இருக்கும்” என்றான் அவள் கணவன் ஜெயபாண்டி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

“அணிலு கடிக்கும்ணே, திருகிக் கழட்டாது.”

“எல்லாம் பக்கத்து வீட்டு உங்க அண்ணன் வேலை” என்று பொரிந்தாள் சுகப்பிரியா. “பாகம் பிரிச்சு மூணு வருசமா முகம் குடுத்துப் பேசுறதில்ல. இப்ப மாடி தாண்டி வந்து இதையும் பண்ணுறாக.”

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு மூத்தாரைக் கையும் களவுமாகப் பிடிக்கவென்று மாடியேறினாள். கழற்றிய ஒயரோடு அங்கே நின்றவன் ஜெயபாண்டி.

“உங்களுக்கென்ன கிறுக்கா?”

அவன் கீழே காட்டினான். வழிந்த தண்ணீர் குழாய் வழியாகச் சுவருக்கு அந்தப்பக்கம் விழ, அண்ணன் மனைவி குடங்களில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவுக போரு வத்தி ரெண்டு வாரமாச்சு. குடுத்தா அண்ணன் வாங்காது. வழிஞ்சா பிடிச்சுக்கிரும்.”

சுகப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

“பாதித் தண்ணி சுவத்துல வீணாப் போகுது. அந்தக் குழாயை இன்னும் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பித் தொலைங்க.”