டவர் கொடுத்த நம்பர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆர்லன் தன் குட்டி விமானத்தில், மனைவி லொரெய்னோடு, சிகாகோ பக்கம் முன்பின் தெரியாத ஒரு விமான நிலையத்தை நெருங்கினார். விமானங்களுக்கு வழி சொல்லும் டவர்க்காரர் ரேடியோவில் கரகரத்தார்: "இறங்கினதும் இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க."

டவர் நம்பர் கொடுத்தால் விசாரணை என்று அர்த்தம். ஆர்லன் மனைவியிடம் புலம்பினார்: "பெரிய ஜெட்டுங்க வழியில புகுந்துட்டேன் போல. லைசென்ஸ் போச்சு."

"அப்பவே மேப்பைப் பாருன்னேன். கேட்டாத்தானே?"

இறங்கியதும் அந்த நம்பரை அழைத்தார். "தப்புதாங்க, மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்," என்றது ஒரு பெண்குரல். "பான்கேக்கா, ஆம்லெட்டா? ரன்வே ஓரத்து ஓட்டல் என்னோடதுதான். டவர்ல இருக்கறது எங்க வீட்டுக்காரர். இப்படித்தான் ஆள் பிடிச்சு அனுப்புவார்."

லைசென்ஸ் பிழைத்த சந்தோஷத்தில் ஆர்லன் ஆறு பான்கேக் தின்றார்.

அந்த விமான நிலையத்தில் இன்றுவரை டவர் கட்டவில்லை.