பாய்லர் சுவருக்கு இந்தப் பக்கம்

"புகார் கொடுத்தது யாருன்னு சொல்லுங்க மேடம். அப்புறம் உள்ளே போகலாம்."

வழியை மறித்துக்கொண்டு கேட்டார் மேனேஜர் மகாதேவன்.

வடக்கே ஹடப்சரில் இருந்த அந்தத் தையல் கம்பெனியில் வேலை செய்வது பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய குழந்தைகளுக்காகக் கம்பெனிக்குள்ளேயே ஒரு காப்பகம் நடந்தது. அதைச் சோதிக்கத்தான் அரசாங்க இன்ஸ்பெக்டர் சியாமளா வந்திருந்தாள். ஏற்கெனவே கேட்டில் வெகுநேரம் நிற்க வைத்திருந்தார்கள்.

"ஆபீஸுக்கு யாரோ போன் பண்ணியிருக்காங்க. பேர் சொல்லலை. தெரிஞ்சாலும் நான் சொல்ல மாட்டேன். வழியை விடுங்க."

"வேலை கத்துக்கிட்டு, சோறு தின்ன இடத்துக்கே குழி பறிக்கறவங்க. யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

பேச்செல்லாம் இந்தியில்தான். பெயரைக் கேட்டதுமே அவர் தமிழர் என்று சியாமளாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் தமிழ்தான் என்று அடையாள அட்டையைப் பார்த்த அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் இந்தியை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் செல்போனும் கையுமாக முதலாளியின் மகன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

காப்பகம் என்பது ஒரே ஒரு அறை. உள்ளே நுழைந்ததும் அனல் அடித்தது. தரையில் விரித்த துணியில் குழந்தைகள் வியர்த்து வழியப் படுத்திருந்தன. ஆயா ஸ்டெல்லா ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். சன்னலே தெரியாதபடி துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன.

சியாமளா சுவர் ஓரமாக நகர்ந்தாள்.

"அந்தச் சுவத்தைத் தொடாதீங்க. பெயிண்ட் அடிச்சிருக்கு" என்றார் மகாதேவன்.

வேண்டுமென்றே கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். பெயிண்ட் ஒட்டவில்லை. உள்ளங்கை காந்தியது.

"அந்தப் பக்கம் என்ன?"

"பாய்லர். இஸ்திரிக்கு நீராவி வேணாமா? குளிர்காலத்துல வந்து பாருங்க, இந்த ரூம் சுகமா இருக்கும்."

முதலாளியின் மகன் சிரித்தான்.

ஒரு பெண் குழந்தையின் கையில் துணி சுற்றியிருந்தது. "இது என்ன?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டாள் சியாமளா. அவள் பயந்துபோய் மேனேஜரைப் பார்த்தாள்.

"அவளை எதுக்குக் கேட்கறீங்க? நடை பழகற குழந்தை சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருக்கும். சுட்டிருக்கும். நாங்களா சூடு வெச்சோம்?"

சியாமளா அவர் பக்கம் திரும்பினாள். "உங்க குழந்தையை இங்கே படுக்க வைப்பீங்களா?"

"என் குழந்தை எதுக்கு மேடம் இங்கே வரணும்?"

இந்த மனுஷனோடு இனிப் பேச்சில்லை என்று முடிவு செய்தாள். வெளியே வந்தவள் எதிரே இருந்த அறையைக் காட்டி, "அது என்ன ரூம்?" என்றாள்.

"அதை மட்டும் கேட்காதீங்க. சாம்பிள் ரூம். அதுல மட்டும்தான் காத்து வருது. ரெண்டு பக்கமும் கதவு, ஒட்டினாப்ல பாத்ரூம். வெளிநாட்டு பார்ட்டி வந்தா வேற எங்கே உக்கார வைக்கறது?"

"குழந்தைங்களை இப்பவே அங்கே மாத்துங்க. நாளைக்கு நோட்டீஸ் வரும். பழையபடி இந்த ரூம்ல ஒரு குழந்தை இருந்தாலும் கேஸ் போடுவேன்."

முதலாளி மகனின் சிரிப்பு நின்றது. மகாதேவன் கத்தினார். "எங்க கம்பெனியில யாரு எங்கே உக்காரணும்னு நீங்க சொல்றதா? அப்புறம் இந்தக் காப்பகத்தையே இழுத்து மூடிடுவோம். பார்த்துக்குங்க."

அந்தச் சத்தத்தைக் கேட்டு, தையல் பிரிவிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். கை சுட்ட குழந்தையின் தாய், ஆரோக்கியமேரி.

"அம்மா, மூடச் சொல்லிப்புடாதீங்கம்மா" என்று தமிழில் அழுதாள். "எம்புள்ளையை நான் எங்க விட்டுட்டு வேலைக்கு வருவேன்?"

"மூட முடியாதும்மா. இத்தனை பொம்பளைங்க வேலை செய்யற இடத்துல காப்பகம் இருந்தே ஆகணும், அது சட்டம். நீ போய் உன் குழந்தையைத் தூக்கிட்டுப் போய் அந்த ரூம்ல விடு. யார் தடுக்கறாங்கன்னு நான் பார்க்கறேன்."

மேரி மேனேஜரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் உள்ளே ஓடினாள். ஸ்டெல்லாவும் இரண்டு குழந்தைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். முதலாளியின் மகன் அப்பாவுக்குப் போன் போட்டபடி மாடிக்குப் போனான்.

கடைசிக் குழந்தையும் அந்தப் பக்கம் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் சியாமளா கிளம்பினாள். மனசு ஆறவில்லை. பிழைக்க வந்த ஊரில், தன் பாஷை பேசுகிற பெண்ணின் குழந்தை என்றுகூட அந்த ஆளுக்கு இரக்கம் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே ஸ்கூட்டரைத் தள்ளினாள்.

"மேடம்."

மகாதேவன்தான். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. மாடி சன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் என்ன?" என்றாள் எரிச்சலாக.

முதல் தடவையாகத் தமிழில், தணிந்த குரலில் சொன்னார்:

"மத்தியானத்துல குழந்தைங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டச் சொல்லியிருக்கார் சின்ன முதலாளி. நீங்க கேட்ல நின்ன நேரத்துல பூட்டை எடுத்துட்டாங்க. நோட்டீஸ்ல அதையும் சேர்த்து எழுதுங்கம்மா. அன்னிக்குப் போன்ல சொல்ல எனக்கு விட்டுப்போச்சு."