உச்சியில் ஒரு வாசல்

விடியற்காலையில் காட்டுப்பாதையில் கிளம்பிய ஷூ ஜோடி, பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறி, மதியம் மலையுச்சிக் கோயிலை அடைந்தது. வழியெல்லாம் சேறும் அட்டைகளும். ஒரு பாறையில் இடறி இடது ஷூவின் அடிப்பாகம் வாய்பிளந்துவிட்டது. முதுகுப்பையோ மனிதனின் தோளில் தூங்கிக்கொண்டே வந்தது.

“கொஞ்சம் பொறுத்துக்கோ. இதோ, சாமியைப் பார்க்கப்போறோம்,” என்றது வலது ஷூ.

வாசலில் மனிதன் இரண்டையும் கழற்றினான். காலாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டு, பையோடு உள்ளே போனான்.

பை திரும்பியபோது அதன் பட்டையில் திருநீறு இருந்தது.

“உள்ளே என்ன சொன்னாங்க?” என்று கேட்டது இடது ஷூ.

“காட்டுவழியா ஏறி வந்தவங்களுக்குப் பெரிய புண்ணியமாம். எனக்குக் கிடைச்சிடுச்சு,” என்ற பை, தோளில் வசதியாகச் சாய்ந்துகொண்டது. “சரி, சீக்கிரம் நடங்க. இருட்டுறதுக்குள்ள இறங்கணும்.”