ரோட்டில் ஓடணும்

“ரோட்டுல ஓட்டுவேன்னு சத்தியம் பண்ணினதாலதான் உனக்கு வித்தேன். இப்ப ஹோட்டல் வாசல்ல பொம்மையா நிறுத்தப் போறியா?”

விஷ்ராந்த்வாடி ஒர்க்‌ஷாப்பில் மாசிலாமணி கத்தினார். முப்பது வருஷம் அவர் லோடு அடித்த பழைய பிக்கப், புதுப் பச்சை பெயிண்டில் பளபளத்தது. அதை வாங்கிய யாழினி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். பெரியவர்கள் வந்தால் இறங்கி நிற்கக்கூடத் தெரியாத பெண் என்று அவருக்கு எரிச்சல் வேறு.

“பொம்மை இல்லை பெரியப்பா. பேட்டரியில ஓடுது.”

“யாருக்குக் காது குத்துறே? குனிஞ்சு பார்த்தேன். க்ளட்ச் இல்லே, பிரேக் இல்லே, ஆக்ஸிலேட்டரும் இல்லே. எதை மிதிச்சு ஓட்டுவே? என் வண்டியைத் திருப்பிக் கொடு!”

“ஓடலைன்னா இன்னிக்கே எடுத்துக்குங்க. முதல்ல ஏறுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். ஸ்டியரிங் பக்கத்திலிருந்த கைப்பிடியை அவள் மெல்லத் தள்ள, சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தது. லோஹேகாவ் சாலையில் அது வேகமெடுத்தபோது மாசிலாமணிக்குத் திட்டக்கூட மறந்துபோனது. பஸ் ஒன்று குறுக்கே வந்தது. கைப்பிடியை இழுத்தாள், வண்டி பூப்போல நின்றது.

“அடேயப்பா! எல்லாமே கையாலயா? காலுக்கு வேலையே வைக்கலையேம்மா!”

யாழினி டீக்கடை ஓரமாக நிறுத்தினாள்.

“சாய் குடிக்கலாம் பெரியப்பா. பின்னாடி என் வீல்சேர் இருக்கு, கொஞ்சம் இறக்கித் தர்றீங்களா?”

மாசிலாமணி அசையாத அவள் கால்களைப் பார்த்தார். பிறகு இறங்கிப்போய் வீல்சேரை எடுத்து வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“திரும்பும்போது கேம்ப் லாரி ஸ்டாண்ட் வழியா போம்மா. என்கூட வண்டி ஓட்டினவனுங்க அங்கேதான் நிப்பானுங்க. நீ ஓட்டுறதை அவனுங்க பார்க்கணும்.”