வெட்டுப்படாத பிலிம்

கறுப்பு வெள்ளை நெகட்டிவை மகள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். அப்பாவின் அருகே, இறந்துபோன அம்மா முழுசாக நிற்கிறாள். வீட்டிலுள்ள படங்களில் அம்மாவை மட்டும் கத்தரித்து எறிந்தவள், அப்பா இரண்டாவதாகக் கட்டிய சித்தி. மகள் பிலிமை ஸ்கேனரில் பொருத்துகிறாள். திரையில் தூசி நீக்கும் வசதியை அணைக்கிறாள். விட்டால் அது அம்மாவின் கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிடும். அறுநூறில் இருக்கும் ரெசல்யூஷனை நாலாயிரத்து எண்ணூறுக்கு ஏற்றுகிறாள். பின்னால் சித்தி வந்து நிற்கிறாள்.

"எதுக்குடி இவ்வளவு பெரிசா?"

"சுவர்ல மாட்டத்தான் சித்தி. உங்க கட்டிலுக்கு நேர் எதிர்ல."

ஸ்கேனர் முனகிக்கொண்டு நகர்கிறது. திரையில் வரிவரியாக அம்மாவின் வகிடு இறங்குகிறது, பிறகு நெற்றி. சித்தி திரும்பிப் போகப் பார்க்கிறாள். மகள் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.

"உக்காருங்க. இன்னும் கண்ணு வரலையே."