பூட்ஸும் வெறுங்காலும்

நாற்பத்தைந்து வயதில் யூஜின் வாத்தியாருக்குத் தனக்கென்றே செய்த வேலை கிடைத்துவிட்டது. வகுப்பில் அவர் பிரம்புக்கு ஒரு பிள்ளையும் அடங்கியதில்லை. இப்போது பெங்களூர் பட்டாளத் தண்டில், வெள்ளைக்காரர் கிளப்பின் வாசலில், சிவப்புக் கோட்டின் பித்தளைப் பொத்தான்கள் மாலை வெயிலில் மின்னக் காவல் நிற்கிறார். வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார். பூட்ஸ் என்றால் முதுகு தானாக வளைகிறது. வெறுங்கால் என்றால் அதே பழைய பிரம்பு நீள்கிறது. என்ன லாவகம்! இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் வீணாய்ப் போயிருக்கிறது. சரளைக்கல்லில் இரண்டு வெறுங்கால்கள் தயங்கி நிற்கின்றன. பிரம்பு நீள்கிறது.

"ஏய், இங்க வராதே. பின்பக்கம் போ!"

"நான்தாங்க," என்கிறாள் அவர் மனைவி டோரதி, கையில் சோற்றுத் தூக்கோடு.

யூஜின் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார். பிரம்பு இறங்குவதாயில்லை.

"தெரியுது. பின்பக்கம் போ."