துக்கத்துக்குக் குளிசையாம்

துக்கத்துக்குக் குளிசையாம்!

அபீபாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தலைவலிக்குக் குளிசை உண்டு. காய்ச்சலுக்கு உண்டு. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்துகிறதற்கு ஒரு குளிசை என்று இந்த நாவுலப் பக்கம் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

மருமகள் பஹ்மிதா குளிக்கப் போயிருந்தாள். அபீபா கட்டிலில் கிடந்த கிளினிக் கார்டை எடுத்து உதறினாள். உறைக்குள்ளிருந்து குளிசை அட்டை விழுந்தது.

காலையில்தான் மிட்வைஃப் மிஸ் வந்து, திரிபோஷ சத்துமா பக்கெட் இரண்டை மேசையில் வைத்து, வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

"டொக்டர் சொல்லாம இந்தக் குளிசைய நிப்பாட்ட வாணாம். திடீரெண்டு நிப்பாட்டினா தாய்க்கும் கூடாது, புள்ளைக்கும் கூடாது."

வந்துவிட்டாள் பெரிய மனுஷி! இன்னும் கல்யாணமே முடிக்காத குமர், பெற்றுப் பிழைத்த அபீபாவுக்குப் பாடம் நடத்துகிறாள்.

மகன் ஹஸீபைக் கேட்கவே வேண்டாம். பெண்டாட்டி சொன்னால் பகலையும் இரவு என்பான். போன வருஷம் அவள் இருபது நாள் சுவரைப் பார்த்துக் கிடந்ததை மறந்துவிட்டீர்களா உம்மா என்று கேட்கிறான்.

அபீபா மறக்கவில்லை. சோம்பேறிகள் அப்படித்தான் கிடப்பார்கள். ஒரு தேத்தண்ணி ஊற்ற எழும்பவில்லை, சோற்றை வாயில் வைக்கவில்லை. செத்துப்போனால் நல்லது என்று முனகல் வேறு. சோறும் சொகுசும் கூடிப்போனால் வருகிற கண்டறியாத வருத்தம்!

அபீபா பெற்றது ஆறு. ஆறுக்கும் ஒரு குளிசை தொட்டிருப்பாளா? அழுகை வந்தால் அழுதாள். இரண்டாவதுக்குப் பிறகு கொஞ்சம் கூடவே அழுதாள். லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார், குடித்தாள். அதோடு முடிந்தது கதை. அதையெல்லாம் இப்போது யார் கிளறுகிறார்கள்?

அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு பின்வளவுக்கு நடந்தாள்.

குப்பையில் போட்டால் அந்தக் கள்ளி பொறுக்கி எடுத்துவிடுவாள். அடுப்பில் போட்டால் நாறும். வளவின் கோடியில் கிணறு இருந்தது.

பாவிக்காத கிணறு. கொங்கிரீட் மூடி போட்டு முப்பத்தொரு வருஷம். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வர அதற்குப் பிறகும் பத்து வருஷம் சென்றது. அந்தப் பத்து வருஷமும் அவள் புருஷன் மீராசாஹிப்தான் பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார். அபீபாவை ஒரு நாள்கூட அந்தக் கிணற்றுப் பக்கமும் விடவில்லை. பெண்டாட்டிக்கு வாளி தூக்குகிறவன் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

இப்போதும் முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். வாயிருந்தும் ஊமை. நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஆம்பிளை என்றால் இந்த வீட்டுக்குள் குளிசை வந்திருக்குமா?

மூடியின் ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அபீபா குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கையெல்லாம் மிளகு வாசம். வயதான மனுஷன் எப்படித்தான் ஓடி வந்தாரோ, மூச்சு வாங்கியது.

"அபீபா, அதுக்குள்ள நீ போட்டது போதும்."

பெற்றது ஆறு, இருப்பது ஐந்து. இரண்டாவதுக்கு அன்று முப்பத்தெட்டு நாள். பிள்ளைப்பேற்று நாற்பது கழிய இரண்டு நாள் இருந்தது. காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னவர் மீராசாஹிப். அடக்கிவிட்டு வந்து மறுநாளே மூடி போட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை, இன்றைக்கு வரைக்கும்.

வீட்டுக்குள் பஹ்மிதா மெத்தையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மாமி, என்ட குளிசையக் கண்டீங்களா?"

அபீபா முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அது இன்னும் இறுகியது.

மீராசாஹிப்தான் அவிழ்த்தார். அட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, கொண்டுபோய்க் கொடு என்பதுபோல வீட்டைக் காட்டினார்.